தோட்டா ஆலைகளில் பிறந்த சைக்கிள்கள்

ருமேனியாவில் கார்பேத்திய மலையடிவாரத்தில் ஸர்னெஷ்ட் என்று ஒரு சிறிய ஊர். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ருமேனியர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிகிறதோ இல்லையோ, அங்கே செய்த ஒரு பொருள் கண்டிப்பாகத் தெரியும்: பெகாஸ் சைக்கிள். சிறகு முளைத்த கிரேக்கக் குதிரையின் பெயர் அது. 1970களின் தொடக்கத்திலிருந்து கம்யூனிச சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழும் வரை ஒரு தலைமுறையே பெகாஸில்தான் சைக்கிள் பழகியது. ஆனால் அதைச் செய்த தோஹான் ஆலை சைக்கிளுக்காகக் கட்டப்பட்டது அல்ல. 1930களின் இறுதியில் பீரங்கிக் குண்டுகள் செய்வதற்காக எழுப்பிய ஆலை அது. சைக்கிள் ஒரு பக்கத்து வேலை. பெகாஸ் நின்று பல ஆண்டுகள் ஆகியும், அங்கே வெடிபொருள் உற்பத்தி மட்டும் நிற்கவில்லை.

முன்னாள் கம்யூனிச நாடுகளின் பழைய சைக்கிள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "இரும்பு மாதிரி உழைக்கும், யானை ஏறினாலும் அசையாது" என்பது ஒன்று. "கனம், கரடுமுரடு, நாற்பது வருஷமாக ஒரே மாடல்" என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கணிப்பு. இந்த நாடுகளில் சைக்கிளை யார் செய்தார்கள், அவர்களுடைய முதல் வேலை என்னவாக இருந்தது என்று பார்த்தால் அது விளங்கும்.

ஸர்னெஷ்ட் ஒன்றும் விதிவிலக்கு அல்ல. ரஷ்யாவின் பென்ஸா நகரில் இருந்த ஃப்ரூன்ஸே ஆலை, முதல் உலகப் போர்க் காலத்தில் குண்டுகளை வெடிக்கவைக்கும் ஃபியூஸ் செய்யத் தோன்றியது. 1920களில் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. 'காமா' என்ற மடக்கு சைக்கிளால் பிரபலமான பெர்ம் நகர ஆலையும் படைத்தளவாட வேலை செய்த இடம்தான். ஹங்கேரியில் செபெல் சைக்கிள். புடாபெஸ்ட் நகரின் தெற்கே டான்யூப் நதித் தீவில் மான்ஃபிரெட் வைஸ் நிறுவிய ஆலை, ராணுவத்துக்கு டின்னில் அடைத்த இறைச்சி விற்று ஆரம்பித்து, தோட்டாக்களுக்குத் தாவி, நாட்டின் மிகப் பெரிய ஆயுத ஆலையாக வளர்ந்தது. சைக்கிள் 1920களின் இறுதியில்தான் வந்தது. போருக்குப் பின் ஆலை அரசுடைமையானது. அன்றைய கட்சித் தலைவர் ராகோசியின் பெயரைக்கூடக் கொஞ்ச காலம் சுமந்தது. சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சியில் அதே ஆலையின் தொழிலாளர்கள்தான் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்றவர்கள்.

கிழக்கு ஜெர்மனியின் சூல் நகரில் சிம்சன். அதுவும் துப்பாக்கி செய்த வீடுதான். 1890களிலேயே சைக்கிளும் செய்தது. உரிமையாளர்களான யூதக் குடும்பத்திடமிருந்து நாஜிகள் 1930களின் நடுவில் அதைப் பறித்தார்கள். போர் முடிந்ததும் சோவியத் அதிகாரிகள் அதை 'அவ்தோவெலோ' என்ற தங்கள் சொந்த நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஜெர்மன் மண்ணில் சோவியத் நிறுவனம், லாபம் மாஸ்கோவுக்கு. போர் இழப்பீட்டை வசூலிக்க அது ஒரு வழி. இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றிக் கொண்டுபோவது இன்னொரு வழி. 1945-ல் தொடங்கிய மின்ஸ்க் மோட்டார் சைக்கிள் மற்றும் சைக்கிள் ஆலை அப்படி ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரங்களைக் கொண்டே எழுந்தது. 1940களின் சோவியத் சைக்கிள் ஒன்றைப் பார்த்து "இது ஜெர்மன் வண்டி போலவே இருக்கிறதே" என்று யாராவது சொன்னால், அது வெறும் தோற்ற மயக்கம் இல்லை.

துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் உள்ள இந்த உறவு கம்யூனிச நாடுகளுக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த பி.எஸ்.ஏ. வண்டியை ஓட்டியவர்கள் இங்கே ஏராளம். அந்த மூன்றெழுத்தின் விரிவு 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. அதன் பழைய சின்னமே ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். ஆஸ்திரியாவின் ஸ்டையர், ஸ்வீடனின் ஹுஸ்க்வர்னா என்று வரிசை நீளும். குழாயைத் துல்லியமாகக் கடைவது, மரை வெட்டுவது, எஃகைக் கடினப்படுத்துவது, நிக்கல் பூச்சு கொடுப்பது எல்லாம் இரண்டு தொழிலுக்கும் பொது. போர் இல்லாத காலத்தில் லேத்துகள் சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மேற்கில் சந்தைப் போட்டி வந்ததும் சைக்கிள் தனித் தொழிலாகப் பிரிந்துவிட்டது. கிழக்கில் பிரியவில்லை. மாறாக, கனரக ஆலைகள் மக்களுக்கான பொருட்களையும் செய்தாக வேண்டும் என்று அரசே மேலிருந்து உத்தரவிட்டது. 1980களில் கிழக்கு ஜெர்மனியில் ஒவ்வொரு பெரிய கூட்டு ஆலையும் தன் உற்பத்தியில் 5 சதவீதத்தையாவது நுகர்பொருளாகக் காட்ட வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். இயந்திர ஆலைகள் தோட்டத்து நாற்காலியும் வீட்டுச் சாமான்களும் செய்தது அதனால்தான்.

இப்படிப் பிறந்த சைக்கிளுக்கு இரண்டு குணம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. ஹப், கோன், பால்ஸ், அச்சு ஆகியவற்றில் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. கடைசல் வேலை அவர்களுக்குக் கைவந்த கலை. பெயிண்ட், குரோமியப் பூச்சு, பிரேக் லீவரின் வடிவம், சீட்டின் சொகுசு ஆகியவற்றில் அக்கறை தெரியாது. வாங்குகிறவர் எப்படியும் வாங்கத்தான் போகிறார், பக்கத்துக் கடையில் வேறு பிராண்டு கிடையாது. புது சோவியத் சைக்கிளுடன் சீட்டின் அடியில் ஒரு சின்னப் பை தொங்கும். அதில் ஸ்பேனர்கள், டயர் கழற்றும் பட்டை, பஞ்சர் ஒட்டும் பொருட்கள். ஃபிரேமில் காற்றடிக்கும் பம்பு. கனிவான ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். உண்மையில், வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிரித்து, கிரீஸ் போட்டு, கோட்டம் எடுத்து, மீண்டும் பூட்டாமல் ஓட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "மிச்ச வேலையை அரம் வைத்து முடித்துக்கொள்ளவும்" என்பது சோவியத் பொருட்களைப் பற்றி அந்த மக்களே சொல்லிச் சிரித்த நகைச்சுவை.

கனத்தைப் பற்றி ஒரு பிரபலமான விளக்கம் உண்டு. அரசு ஆலைகளுக்கு வைத்த உற்பத்தி இலக்கு டன் கணக்கில் இருந்தது, ஆகவே ஆலைகள் வேண்டுமென்றே கனமாகச் செய்தன என்பார்கள். சரவிளக்குகள் விஷயத்தில் இது நடந்ததாக சோவியத் தலைவர் குருஷ்சேவே 1959-ல் பகிரங்கமாகக் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் சைக்கிளுக்கு இந்தக் கதையைப் பொருத்துவது சரியாகப் படவில்லை. சோவியத் புள்ளிவிவர ஏடுகள் சைக்கிளை எண்ணிக்கையில்தான் கணக்கிட்டன. 1970களிலும் 80களிலும் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல். 'உக்ரைனா' என்ற சாதாரண சோவியத் சைக்கிள் 16, 17 கிலோ இருந்ததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. உயர்ரக உலோகக் கலவைக் குழாய் வேறு முக்கியமான இடங்களுக்குப் போனது. சைக்கிளுக்குக் கிடைத்தது தடித்த சாதாரண எஃகு. கனத்தைக் குறைத்தால் ஆலைக்கு எந்தப் பரிசும் இல்லை. மாடலை மாற்றினால் உற்பத்தி சில மாதம் தடைபட்டு, இலக்கு தவறி, போனஸ் போகும். மாற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒரு பொருள் நாற்பது ஆண்டு மாறாமல் இருந்ததற்கு அங்கே இருந்தவர்களின் சோம்பலைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

மாறாததில் ஒரு நன்மையும் இருந்தது. 'உக்ரைனா' வண்டி உக்ரைனின் கார்கிவ் நகர ஆலையின் தயாரிப்பு. அந்த ஆலையின் வேர் லாட்வியாவின் ரீகாவில் இருக்கிறது: அலெக்ஸாண்டர் லைட்னர் 1886-ல் அங்கே தொடங்கிய சைக்கிள் தொழிற்சாலை, முதல் உலகப் போரில் ஜெர்மன் படை நெருங்கியபோது, 1915-ல் மூட்டை முடிச்சோடு கார்கிவுக்கு இடம் மாறியது. புரட்சிக்குப் பின் அரசு ஆலையாகி, சோவியத் நாட்டின் தலைசிறந்த சைக்கிள் ஆலையானது. உக்ரைனாவின் பின்பக்க ஹப்பில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். 1903-ல் ஜெர்மனியில் வந்த 'டார்பிடோ' ஹப்பின் நெருங்கிய சொந்தக்காரன் அது. பல வண்டிகளில் முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. ஒரே கியர், கேரியர், மட்கார்டு. உருளைக்கிழங்கு மூட்டை, மாட்டுக்குப் புல், பால் கேன், பக்கவாட்டில் கட்டிய மீன்தூண்டில் என்று கிராமத்தையே அது சுமந்தது. 1960-ல் வாங்கிய வண்டிக்கு 1985-ல் வாங்கிய பெடல் கிராங்க் பொருந்தியது. பெரியவர்களின் வண்டியை எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு பிள்ளைகள் ஓட்டினார்கள். நம் ஊர்க் குரங்குப் பெடலேதான். அங்கே அதற்குத் தனிப் பேச்சுவழக்கே உண்டு.

நகரத்துச் சைக்கிள் வேறு கதை. 1950களின் பிற்பகுதியிலிருந்து கிழக்கு ஐரோப்பா முழுக்க அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இரண்டு அறை, குறுகிய மாடிப்படி, லிஃப்ட் இருந்தால் அதிலும் நாலு பேர் நெருக்கியடித்து நிற்கலாம். 28 அங்குலச் சக்கர வண்டியை எங்கே வைப்பது? இத்தாலியில் 1960களில் வந்த 20 அங்குல மடக்கு சைக்கிள் பாணி இந்த வீடுகளுக்கென்றே அளவெடுத்தது போல் இருந்தது. மேற்கு ஐரோப்பாவில் அந்த மோகம் ஒரு பத்து, பதினைந்து ஆண்டில் அடங்கியது. கிழக்கில் ஆட்சி முடியும் வரை ஓடியது. போலந்தில் ஓர் ஏரியின் பெயர் தாங்கிய 'விக்ரி', யூகோஸ்லாவியாவில் லூப்லியானா நகரத்து ரோக் ஆலையின் 'போனி', செக்கோஸ்லோவாக்கியாவின் ஹெப் ஊரில் 'எஸ்கா', சோவியத்தில் 'காமா', 'டெஸ்னா', கிழக்கு ஜெர்மனியின் ஸாங்கர்ஹவுஸனில் 'மிஃபா'.

மிஃபா மடக்கு வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அதன் முன் பிரேக் ரிம்மைப் பிடிக்காது; ஒரு ரப்பர் கட்டை மேலிருந்து நேராக டயரை அழுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழில்நுட்பம், 1980களிலும் புது வண்டியில். மழை பெய்தால் அதை நம்ப முடியாது, டயரும் தேயும். ஆனால் செய்யச் சுலபம், கேபிள் தேவையில்லை, உதிரி பற்றாக்குறை இல்லை. இந்த வண்டிகள் உண்மையில் அதிகம் மடிக்கப்படவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிரபான்ட் காரின் டிக்கியில் போட்டு ஏரிக்கரைக்குப் போன குடும்பங்கள் உண்டுதான். மற்றவர்கள் நடுவிலிருக்கும் கீலை ஒருமுறை இறுக்கிவிட்டு, துருப்பிடிக்கும் வரை அப்படியே ஓட்டினார்கள். போலந்தில் இதற்கு ஒரு சடங்கு அந்தஸ்தும் சேர்ந்துகொண்டது. கத்தோலிக்கக் குழந்தைகள் முதல் நற்கருணை வாங்கும் மே மாதத்தில் உறவினர் கொடுக்கும் பரிசு கைக்கடிகாரம் அல்லது சைக்கிள். விக்ரியைச் செய்த, நாத்திக அரசின் ரோமெட் ஆலைக்கு ஆண்டுதோறும் நல்ல விற்பனை தந்தது தேவாலயம்.

இவை எல்லாம் ஒரு முனை. மறுமுனையில் அதே நாடுகள், அதே காலத்தில், உலகின் மிகச் சிறந்த பந்தய சைக்கிள்களில் சிலவற்றையும் செய்தன. பணமும் மூளையும் அங்கேதான் போயின.

1948-ல் வார்சாவுக்கும் பிராகுக்கும் இடையே தொடங்கிய அமைதிப் பந்தயம், 1952 முதல் கிழக்கு பெர்லினையும் சேர்த்துக்கொண்டது. மூன்று நாடுகளின் கட்சி நாளிதழ்கள் சேர்ந்து நடத்தியவை அந்த மே மாத ஓட்டங்கள். பிக்காஸோவின் வெள்ளைப் புறாதான் சின்னம். தொழில்முறை வீரர்களுக்கு இடமில்லை, ஆனால் அங்கே 'அமெச்சூர்' என்றால் ராணுவத்திலோ ஆலையிலோ பெயர் பதிந்துவிட்டு முழுநேரமும் பயிற்சி செய்கிறவர் என்று அர்த்தம். கிழக்கு ஜெர்மனியின் குஸ்டாவ் அடால்ஃப் ஷூர் 1955-லும் 1959-லும் வென்றார். உலக அமெச்சூர் பட்டத்தை 1958-லும் 59-லும் எடுத்தார். 1960-ல் சொந்த மண்ணில், ஸாக்ஸன்ரிங் ஓடுதளத்தில், மூன்றாவது பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது எதிராளியான பெல்ஜிய வீரரைத் தன்மேல் கண்வைக்கச் செய்துவிட்டு, சக வீரர் பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைனை முன்னால் ஓடவிட்டார். எக்ஸ்டைன் வென்றார். அந்த ஒரு மதியத்துக்காகவே ஷூரை அந்த நாடு கடைசிவரை கொண்டாடியது. போலந்தின் ரிஷார்ட் ஷுர்கோவ்ஸ்கி நான்கு முறை வென்று அங்கே அதே மாதிரி வீடுதோறும் தெரிந்த பெயரானார்.

ஷூர் ஓட்டியது டயமன்ட். கெம்னிட்ஸ் அருகே ரைஹன்பிரான்ட் ஊரில் நெவோய்ட் சகோதரர்கள் 1885-ல் சைக்கிளுக்கு இறங்கிய பழைய நிறுவனம். சைக்கிளோடு பின்னல் இயந்திரங்களும் செய்தது. ஆகவே கிழக்கு ஜெர்மன் நிர்வாகத்தில் ஜவுளி இயந்திரத் துறையோடு பிணைந்தது. தேசிய அணிக்கென்று தனியாகச் செய்த பந்தய வண்டிகளில் 'டெக்ஸ்டிமா' என்று ஜவுளி இயந்திரக் கூட்டு நிறுவனத்தின் பெயரே எழுதியிருந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தலைகீழாக நின்று தேடும் வண்டி அது. அன்றைக்குக் கடையில் போய் யாரும் அதை வாங்கியிருக்க முடியாது. கிழக்கு பெர்லினில் 1963-ல் தொடங்கிய எஃப்.இ.எஸ். என்ற விளையாட்டுக் கருவி ஆய்வு நிறுவனம் படகு, பனிச்சறுக்கு வண்டி, சைக்கிள் என்று ஒவ்வொன்றிலும் வினாடியின் பின்னங்களைத் துரத்தியது. நாடே காணாமல் போன பிறகும் அந்த நிறுவனம் நிலைத்தது. ஒன்றிணைந்த ஜெர்மனியின் ஒலிம்பிக் அணிகளுக்கு இன்றும் அதுதான் செய்து கொடுக்கிறது.

சோவியத் பக்கம் இன்னும் வெளிப்படை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்ற செர்கேய் சுஹொருச்சென்கோவின் அணி ஏறியது இத்தாலியின் கொல்னாகோவில். கார்கிவ் ஆலையின் 'ஸ்டார்ட் ஷோஸே' நல்ல வண்டிதான், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் விளையாட்டுக் கழகங்களில் அதில் பயிற்சி பெற்றார்கள். பதக்கம் என்று வரும்போது மட்டும் அந்நியச் செலாவணிப் பெட்டி திறந்தது.

அமைதிப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லும்போது 1986-ஐ விட முடியாது. அந்த ஆண்டுப் பந்தயம் கீவில் தொடங்குவதாக முன்பே முடிவாகியிருந்தது. ஏப்ரல் 26-ல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே 6-ல், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, கீவ் தெருக்களில் பந்தயம் தொடங்கியது. மேற்கத்திய அணிகள் பல வரவில்லை. வந்தவர்கள் மிதித்தார்கள். மக்கள் ஓரத்தில் நின்று கை தட்டினார்கள். பட்டம் கிழக்கு ஜெர்மனியின் ஓலாஃப் லூட்விக்குக்கு. எல்லாம் வழக்கம் போல் நடக்கிறது என்று காட்டுவதற்கு சைக்கிளை இதைவிட மோசமாக யாரும் பயன்படுத்தியதில்லை என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், கொஞ்சம் நல்ல ஸ்போர்ட்ஸ் சைக்கிள் வேண்டும் என்று ஆசைப்பட்ட சாதாரண ஆள்தான் தவித்தார். செக்கோஸ்லோவாக்கியாவில் ரோகிட்ஸானி ஊரின் 'ஃபேவரிட்' அந்த ஆசையின் பெயர். பத்து கியர், வளைந்த ஹேண்டில்பார், இத்தாலிய உதிரிகளைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த டிரெயிலியர், அதாவது செயினைத் தள்ளி கியர் மாற்றும் கருவி. கடைக்கு லோடு வரும் நாள் தெரிந்த ஒருவரைக் கையில் வைத்திருக்க வேண்டும். வண்டி கிடைத்தாலும் நிம்மதி கிடையாது. அப்புறம் டியூப், டயர், செயின் என்று ஒவ்வொன்றுக்கும் அதே அலைச்சல். அந்தக் காலத்து ஆண்கள் பலர் கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்ததற்கு அந்தப் பற்றாக்குறைதான் ஆசான்.

1990 ஜூலை 1-ல் கிழக்கு ஜெர்மனிக்கு மேற்கு மார்க் வந்தது. ஒரே இரவில் உள்ளூர்ப் பொருட்களை வாங்க ஆளில்லை. மிஃபாக்கள் நிலவறைக்கும் குப்பைக்கும் போயின. டயமன்ட் கைமாறி, ஸ்விஸ் வில்லிகர் வழியாக 2003-ல் அமெரிக்க ட்ரெக்கிடம் சேர்ந்தது. பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. மிஃபா மலிவு விலைக் கடைகளுக்கு வண்டி செய்து பிழைத்தது. 2014-ல் லூதியானாவின் ஹீரோ சைக்கிள்ஸ் அதில் முதலீடு செய்வதாகப் பேச்சு நடந்தது, கைகூடவில்லை. அதே ஆண்டு மிஃபா திவாலானது. செபெலில் 1989-லேயே அமெரிக்காவின் ஷ்வின் பங்கு வாங்கி நுழைந்திருந்தது. ரோக் ஆலை 1991-ல் மூடி, 2006 முதல் கலைஞர்களும் இளைஞர்களும் குடியேறிய இடமாகி, 2021-ல் பெரும்பகுதி இடிபட்டது. பெகாஸ், ஃபேவரிட் பெயர்களை 2010களில் புதியவர்கள் எடுத்து, பழைய நினைவுக்கு விலை வைத்து விற்றார்கள். புதுப் பெகாஸ் அழகாகத்தான் இருக்கிறது. குண்டு ஆலைக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை.

இன்று இணையத்தில் ஏலம் விடப்படும் வண்டிகளைப் பார்த்தால் விலை வரிசை அன்றைய அரசின் முன்னுரிமை வரிசையை அப்படியே ஒத்திருக்கிறது: மேலே டெக்ஸ்டிமா, பிறகு டயமன்ட் பந்தய வண்டி, ஃபேவரிட், ஸ்டார்ட் ஷோஸே, அடியில் மடக்கு வண்டிகள், உக்ரைனாவை யாரும் சேகரிப்பதாகவே தெரியவில்லை. அது இன்னும் வேலையில் இருக்கிறது. எனக்கு இந்த வரிசை கொஞ்சம் தவறாகப் படுகிறது. பந்தய வண்டி எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தச் சமூகம் எப்படி இயங்கியது என்பது டயரை அழுத்தும் அந்த ரப்பர் கட்டையில்தான் தெரிகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறையில் ஒரு நல்ல செய்தி உண்டு. உக்ரைனா, டயமன்ட் போன்ற 28 அங்குல வண்டிகளின் டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர். இன்றைய சாலை சைக்கிள்களின் 700சி அளவும், 29 அங்குல மலைச் சைக்கிளின் அளவும் அதேதான். அகலம் மட்டும் பார்த்துக்கொண்டால் டயருக்கு அலைய வேண்டாம். 20 அங்குல மடக்கு வண்டிக்கு 406, அதுவும் எங்கும் கிடைக்கும். சிக்கல் காட்டர் பின்னில்தான்; கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு அது. ஆலைக்கு ஆலை அதன் விட்டம் அரை மில்லிமீட்டர் மாறும், பழையது கிராங்கோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும், சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்து, பிரஸ் வைத்து அழுத்தி எடுத்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் புதியதற்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஃபிரேமின் அசல் பெயிண்டையும் ஸ்டிக்கரையும் தயவுசெய்து சுரண்ட வேண்டாம். அவற்றை மறுபடி அச்சிட்டு விற்கிறார்கள் என்றாலும், ஆலையில் ஒட்டியதன் கோணல் அதில் வராது.